புதிதாகக் கற்ற வங்க மொழியை வைத்து ஒரு வெளியூர்க்காரருக்கு உதவுவது எப்படி: வேலூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"கால்" என்ற ஒரே வார்த்தையால் ஒரு மனிதரை நான் இரண்டு மணி நேரம் தவறான வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன். வங்க மொழி படிக்க ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர், கையில் பரிசோதனைச் சீட்டு, "கால் டெஸ்ட், கால் டெஸ்ட்" என்று என்னவோ கேட்டார். கால் என்றால் நேற்று என்று நான் படித்திருந்தேன். சரி, நேற்று டெஸ்ட் முடிந்துவிட்டது, ரிப்போர்ட் எங்கே வாங்குவது என்று கேட்கிறார் என்று நினைத்து ரிப்போர்ட் தரும் இடத்தைக் காட்டி அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, டெஸ்ட் மறுநாள் காலையில். வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். வங்க மொழியில் நேற்றும் "கால்"தான், நாளையும் "கால்"தான்.

அரைகுறை மொழியோடு உதவப் போகும்போது பெரிய ஆபத்து புரியாமல் போவது இல்லை, புரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

வேலூருக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் ரோடு, அதற்குப் பக்கத்துக் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு எல்லாம் பாதி வங்காளம் மாதிரி இருக்கும். லாட்ஜ் பலகையில் வங்க எழுத்து, ஓட்டலில் மீன் குழம்பும் சோறும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், திரிபுரா, அசாம், எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கிருந்தோ ஒன்றரை நாள், இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நோயாளி ஒருவர், கூட வந்தவர் ஒருவர், ஒரு பை, ஒரு தடித்த ஃபைல். தமிழ் தெரியாது, பல பேருக்கு இந்தியும் அரைகுறை. இவர்களை வைத்துத்தான் நான் எழுதுகிறேன். திருப்பூரில் ஒடியா படித்தவரும் கோயம்புத்தூரில் இந்தி படித்தவரும் வார்த்தைகளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

முதல் படி: உதவிக்கு வேண்டிய மொழியை முதலில் படியுங்கள்

பாடப்புத்தகம் "இது என் புத்தகம், அது உன் பேனா" என்று ஆரம்பிக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்தில் வேண்டியவை நான்கு வகை: உடம்பு, நேரம், எண், வழி.

தமிழருக்கு வங்க மொழி பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை, இந்தியை விட எளிது என்றே சொல்வேன். வினைச்சொல் கடைசியில் வரும், நம்மைப் போலவே. வினையில் ஆண்பால் பெண்பால் தொல்லை கிடையாது. "போய்ப் பார்த்துவிட்டு வா" என்பதை அதே அடுக்கில் "கியே தேகே எஷோ" என்று சொல்லலாம். நாம் "டீ கீ" என்கிறோம், அவர்கள் "சா டா" என்கிறார்கள். "தலை சுத்துது" என்பதைக்கூட அப்படியே, தலை சுற்றுகிறது, "மாதா குர்ச்சே" என்றுதான் சொல்கிறார்கள்.

வார்த்தைகளிலும் பாதி நமக்குத் தெரிந்தவைதான், வாய்க்குள் கொஞ்சம் உருண்டு வருகின்றன. நாம் "அ" சொல்கிற பல இடங்களில் அவர்கள் "ஒ" சொல்வார்கள், "ச" பெரும்பாலும் "ஷ" ஆகும், "வ" என்பது "ப" ஆகிவிடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் ஜுரம் "ஜொர்", ரத்தம் "ரொக்தோ", சரீரம் "ஷொரீர்", பயம் "பொய்", கஷ்டம் "கொஷ்டோ", மூச்சுத்திணறல் "ஷாஷ்கொஷ்டோ" என்று வரிசையாகத் திறந்துகொள்ளும். வேலூரே அவர்கள் வாயில் "பெலோர்"தான். ரயிலில் யாராவது "பெலோர்?" என்று கேட்டால் பெங்களூர் என்று எண்ணி விடாதீர்கள்.

ஆனால் இந்த ஒற்றுமையே சில இடங்களில் காலை வாரும். "அவசரம்" என்று சொல்ல நினைத்து நான் ஒருமுறை "ஒபொஷொர்" என்றேன், விதிப்படி சரியாகத்தானே மாற்றினேன் என்று நினைத்தேன். வங்க மொழியில் அதற்கு ஓய்வு, வேலையிலிருந்து ஓய்வு பெறுதல் என்று பொருள், கிட்டத்தட்ட நேர் எதிர். அவசரத்துக்கு "ஜொருரி" என்று சொல்லுங்கள். ஊகித்த வார்த்தையைத் தெரிந்த வார்த்தை மாதிரி சொல்லக்கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

இன்னொன்று, தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மட்டும் படிக்காதீர்கள். நான் இங்கே எழுதியிருப்பதும் தோராயம்தான். நமக்கு ஒரே "ப", அவர்களுக்கு நான்கு. சோறும் நமக்கு "பாத்" என்று கேட்கும், மூட்டு வாதமும் "பாத்" என்றுதான் கேட்கும், அவர்கள் காதுக்கு அவை முழுக்க வேறு வேறு. உடம்பு என்பதும் "கா", புண் என்பதும் "கா", இரண்டாவதில் மூச்சு கூடுதலாக வெளியே வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வங்காளிக்காரரை உட்கார வைத்து இந்த ஜோடிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு ஒரு லாட்ஜில் வேலை பார்க்கும், மேற்கு வங்கத்து மால்தாவிலிருந்து வந்த பையன் சொல்லிக்கொடுத்தான், பதிலுக்கு நான் அவனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன்.

மேற்கு வங்கத்தார் தண்ணீரை "ஜொல்" என்பார்கள், வங்கதேசத்தார் பெரும்பாலும் "பானி". சில்ஹெட், சிட்டகாங் பக்கத்தாரின் பேச்சு கொல்கத்தாக்காரருக்கே சட்டென்று புரியாது, நமக்குப் புரியவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். "ஆஸ்தே போலுன்" என்று கேட்டால் பொதுவான வங்க மொழிக்கு மாறிக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: எண்ணை வாயால் நம்பாதீர்கள்

இதை ஒரு தனிப் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மருந்தின் அளவு, அறை எண், ரயில் நேரம், பணம், வயது, வெளியூர்க்காரருக்குத் தேவைப்படும் பாதி விஷயம் எண்தான்.

ஏழு என்பது "ஷாத்". அறுபது என்பது "ஷாட்". கடைசி எழுத்தில் நாக்கு எங்கே படுகிறது என்பது மட்டும்தான் வேறுபாடு, கூட்டமான பில் கவுண்டரில் அது காதில் விழவே விழாது. அப்புறம் அந்த ஒன்றரை, இரண்டரை கணக்கு. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் அவர்களிடம் தனி வார்த்தை உண்டு: "தேர்", "ஆராய்". அதனால் 150 என்பது "தேர்ஷோ", 250 என்பது "ஆராய்ஷோ". நீங்கள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணப் படித்திருந்தாலும் இந்த இரண்டும் அந்த வரிசையில் எங்கேயும் இருக்காது. "ஷாரே தின்" என்றால் மூன்றரை. இதைத் தெரியாதவர் "தின்" மட்டும் காதில் வாங்கி மூன்று மணி என்று நினைத்துக்கொள்வார்.

எழுதிக் காட்டச் சொன்னால் சரியாகிவிடும் என்றால், அங்கேயும் ஒரு பள்ளம். வங்க எண்களில் நான்கு, பார்வைக்கு நம் 8 மாதிரியே இருக்கும். ஏழு, கிட்டத்தட்ட 9 மாதிரி இருக்கும். வயதானவர்கள் துண்டுத்தாளில் உறவினரின் போன் எண்ணை வங்க எண்ணில் எழுதி வைத்திருப்பார்கள். அதை அப்படியே அடித்தால் வேறு யாருக்கோ போகும். எண்ணை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் போனின் எண்பலகையில் அடித்துக் காட்டிவிடுங்கள், அவர் பார்த்துத் தலையாட்டட்டும். விரல்களைப் பயன்படுத்தவும் கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: கிட்டே போவது

காட்பாடி ஸ்டேஷன் வாசலிலும் ஆஸ்பத்திரியைச் சுற்றியும் புதிதாக வந்தவரை முதலில் மொய்ப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ரூம் வேண்டுமா, சீக்கிரம் டோக்கன் வாங்கித் தரவா என்று அவர்கள் மொழியிலேயே கேட்பவர்கள்தான். ஆகவே நீங்கள் வங்க மொழியில் பேசினாலே நம்பிக்கை வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது, சந்தேகமும் வரலாம், அந்தச் சந்தேகம் நியாயமானது.

நான் செய்வது இது. பையையோ ஃபைலையோ நானாக வாங்க மாட்டேன், அவர் நீட்டினால் மட்டும் பார்ப்பேன். ஓரமாகக் கூப்பிட மாட்டேன், நாலு பேர் இருக்கும் இடத்திலேயே பேசுவேன். எந்த லாட்ஜுக்கும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். வழியைக் காட்டுவேன், தேவைப்பட்டால் சீருடையில் இருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் விடுவேன். வேண்டாம் என்று அவர் தலையசைத்தால் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிட வேண்டும், இரண்டாம் முறை கேட்கக்கூடாது.

முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "ஆமி ஏக்டு ஏக்டு பாங்லா போல்தே பாரி." எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் வங்க மொழி பேச வரும். இதைச் சொல்வதால் இரண்டு லாபம். அவர் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார், நீங்கள் முழுசாகப் புரிந்துகொள்வீர்கள் என்றும் எதிர்பார்க்க மாட்டார். சரளமாகப் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து எடுத்த எடுப்பிலேயே விட்டால், பதில் அருவி மாதிரி கொட்டும், அதில் நீங்கள் மூழ்கிப்போவீர்கள்.

அழைக்கும் முறை முக்கியம். வங்க மொழியில் ஆப்னி, துமி, துய் என்று மூன்று உண்டு. தெரியாதவர் யாராக இருந்தாலும், வயதில் சின்னவராகத் தெரிந்தாலும் "ஆப்னி"தான். நம் "நீங்கள்" மாதிரி. ஆணை "தாதா" என்றும் பெண்ணை "திதி" என்றும் வயதான அம்மாவை "மாஷிமா" என்றும் கூப்பிடலாம். வங்கதேசத்து முஸ்லிம் குடும்பமாக இருந்தால் "பாய்", "ஆபா", "சாசா" என்பது இயல்பு. அண்ணா, அக்கா, பெரியவரே என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது தானாகவே வந்துவிடும்.

மொழிக்காக உயிர் கொடுத்த நினைவு அவர்களுக்கும் உண்டு. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், உலகத் தாய்மொழி நாள் என்று யுனெஸ்கோ 1999-இல் அறிவித்தது அந்த நாளைத்தான். ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டர் தள்ளி, எழுத்தெல்லாம் வட்ட வட்டமாக இருக்கும் ஒரு ஊரில் யாரோ தங்கள் மொழியில் "பொய் பாபேன் நா", பயப்படாதீர்கள், என்று சொல்லும்போது அந்த முகங்களில் வரும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். இலக்கணம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

நான்காம் படி: கேட்டதைத் திருப்பிச் சொல்வது

முதலில் திறந்த கேள்வி: "கீ ஹொயேச்சே?", என்ன ஆச்சு. இதற்கு வரும் பதிலில் பாதிதான் புரியும். அதனால் என்ன. புரிந்த பாதியை வைத்து ஆம் இல்லை என்று பதில் வரும் சின்னச் சின்னக் கேள்விகளாக உடையுங்கள். டாக்டரா? மருந்துக் கடையா? பணம் கட்டுவதா? ரயிலா? எதற்குத் தலையசைக்கிறாரோ அங்கிருந்து அடுத்தது.

புரியவில்லை என்றால் "ஆமி புஜினி", மறுபடி சொல்லுங்கள் என்பதற்கு "ஆபார் போலுன்". இந்த இரண்டையும் கூச்சமில்லாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

"கால்" பிரச்சினைக்கு வருகிறேன். அவர்களுக்குள் குழப்பமே வருவதில்லை, ஏனென்றால் காலம் வினைச்சொல்லில் இருக்கிறது. "கால் டெஸ்ட் ஹொயேச்சே" என்றால் நேற்று நடந்தது, "கால் டெஸ்ட் ஹொபே" என்றால் நாளை நடக்கும். பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வினைச்சொல்லை விட்டுவிட்டதுதான் அன்று நான் செய்த பிழை. புதிதாக மொழி படிப்பவர் எல்லோருமே பெயர்ச்சொல்லைத்தான் பிடிப்பார்கள், அதுதான் எளிது. வாக்கியத்தின் வால் வரை காத்திருங்கள். "நா" என்ற மறுப்பும் அந்த வாலில்தான் வரும்: "கேதே பாரேன்" என்றால் சாப்பிடலாம், "கேதே பார்பேன் நா" என்றால் சாப்பிட முடியாது. சந்தேகம் இருந்தால் நேற்றுக்கு "கொதோகால்", நாளைக்கு "ஆகாமிகால்" என்று தனித்தனி வார்த்தை இருக்கிறது, அதைப் போட்டுக் கேளுங்கள், அல்லது போனில் நாள்காட்டியைத் திறந்து தேதியைத் தொடச் சொல்லுங்கள். "பொர்ஷு" என்பதும் இப்படித்தான், முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் அதே வார்த்தை.

நீங்கள் ஏதாவது விளக்கிச் சொன்ன பிறகு "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உதவி செய்பவர் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இப்போது நீங்கள் சொல்லுங்கள், எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டு அவர் வாயால் வாங்குங்கள். நர்சுகள் மருந்து சாப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நோயாளியையே திருப்பிச் சொல்ல வைப்பார்கள், அதே வழிதான்.

ஐந்தாம் படி: ஆஸ்பத்திரிக்குள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

முதலில், சீட்டை நன்றாகப் பாருங்கள். சிஎம்சிக்கு ஊருக்குள்ளே ஒரு வளாகம், ராணிப்பேட்டை பக்கம் நெடுஞ்சாலையில் இன்னொரு வளாகம். எந்த வளாகம், எந்தத் தேதி, எத்தனை மணி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதி உதவி முடிந்தது.

அடுத்து பெயர். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பெயர் கூப்பிடும் இடத்தில் உட்கார்ந்தே இருப்பார்கள், கூப்பிட்டது தங்களை என்று தெரியாமல் முறையை விட்டுவிடுவார்கள். நாம் "சுப்ரதா" என்று படிப்பதை அவர்கள் "ஷுப்ரொதோ" என்று அறிந்திருக்கிறார்கள். நம் "லக்ஷ்மி" அவர்களுக்கு "லொக்கி". போதாததற்கு வங்காளிகளுக்கு இரண்டு பெயர், வீட்டில் கூப்பிடும் "டாக்நாம்" ஒன்று, ஆவணத்தில் இருக்கும் "பாலோநாம்" ஒன்று. கூட வந்தவர் நோயாளியை ஒரு பெயரில் கூப்பிடுவார், அட்டையில் வேறு பெயர் இருக்கும், அதைப் பார்த்து ஆள் மாறிவிட்டது என்று பதற வேண்டாம். உட்கார்ந்திருப்பவரிடம் அட்டையைப் பார்த்து, "இங்கே உங்களை இப்படிக் கூப்பிடுவார்கள்" என்று தமிழ் உச்சரிப்பில் இரண்டு முறை சொல்லிக் காட்டுங்கள். அரை நிமிட வேலை, ஒரு முழு நாள் மிச்சமாகும்.

நோய் அறிகுறிகளில் வலி என்பது "பேதா", எரிச்சல் "ஜாலா". நெஞ்சு வலியும் நெஞ்செரிச்சலும் மருத்துவருக்கு வேறு வேறு செய்தி என்பதால் இரண்டையும் கலக்கக்கூடாது. வாந்தி "போமி", குமட்டல் "கா போமி போமி". எங்கே வலி என்பதற்கு "கொதாய் பேதா?" என்று கேட்டுவிட்டு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு பெண் "ஷொரீர் காராப்" என்று சொன்னால் உடம்பு சரியில்லை என்பது நேர்ப்பொருள், ஆனால் மாதவிடாயைச் சொல்லவும் பெண்கள் அதையே பயன்படுத்துவார்கள். ஆண்கள் அங்கே மேலே கேள்வி கேட்காமல் ஒரு பெண் ஊழியரைக் கூப்பிடுவது நல்லது.

"காவா" என்றால் சாப்பிடுவது. ஆனால் தண்ணீரும் அவர்களுக்குச் "சாப்பிடுவது"தான், மருந்தும் டீயும் சிகரெட்டும்கூட அதே வினைதான். ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் எதுவும் சாப்பிடக்கூடாது என்று நீங்கள் சொன்னால் தண்ணீரும் கூடாது என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம், டீ பரவாயில்லை என்று இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். நர்சிடம் தெளிவாகக் கேட்டு, சோறு கூடாது, டீ கூடாது, தண்ணீர் குடிக்கலாம் அல்லது கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

மருந்துக்குச் "ஷொகாலே" காலை, "துபுரே" மதியம், "ராதே" இரவு. வெறும் வயிற்றில் "காலி பேடே". வாயால் சொன்னதோடு விடாமல் மருந்து அட்டை மேலேயே சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். நான் கடையில் ஒரு ஸ்கெட்ச் பேனாவை அதற்கென்றே வைத்திருக்கிறேன். எத்தனை மாத்திரை என்பது மட்டும் மருந்துக் கடைக்காரர் எழுதியதாக இருக்கட்டும், நீங்கள் உங்கள் புரிதலில் எழுத வேண்டாம்.

திடீரென்று ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்தால் பேச்சுவார்த்தையே வேண்டாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவு, வெளியே என்றால் 108. கேட்க வேண்டிய ஒரே கேள்வி "கொகோன் தேகே?", எத்தனை மணியிலிருந்து. "கொபே தேகே" என்றால் எந்த நாளிலிருந்து என்று ஆகிவிடும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் மருத்துவர் முதலில் கேட்பதே அந்த நேரத்தைத்தான்.

நடுவில் நின்று பேசும்போது

மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்க நேர்ந்தால், அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நல்லதற்குத்தானே என்று மென்மையாக்காதீர்கள். நோயாளி சொன்னது உங்களுக்குச் சம்பந்தமில்லாததாகப் பட்டாலும் சொல்லிவிடுங்கள், சம்பந்தம் உண்டா என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஒரு வார்த்தை தெரியவில்லை என்றால் இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி "இந்த வார்த்தை எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அங்கே கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது, கூட வந்த சொந்தக்காரரிடம்கூட நோயாளி சம்மதிக்காமல் சொல்லக்கூடாது.

அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவம், புற்றுநோய் மாதிரி பெரிய நோயின் பெயர், பிழைப்பாரா என்ற கேள்வி, மருந்தின் அளவை மாற்றுவது, இவற்றை நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். எவ்வளவு நன்றாகப் பேச வந்தாலும் வேண்டாம். வங்க மொழி தெரிந்த ஊழியரை வரவழைக்கச் சொல்லி நிற்கலாம், சமூகப் பணியாளரைக் கேட்கலாம். பணமும் அப்படித்தான், நீங்கள் வாங்கிக் கட்டாதீர்கள், கவுண்டர் வரை கூட நடந்துபோங்கள். வங்கதேசத்தவரின் விசா, பதிவு விஷயங்கள் லாட்ஜ்காரரும் ஆஸ்பத்திரி அலுவலகமும் பார்க்க வேண்டியவை. ரூமுக்கு முன்பணம் என்று ஆன்லைனில் அனுப்பி ஏமாந்தவர்களையும் பார்க்கிறோம், அப்படி யாராவது வந்தால் தாமதிக்காமல் ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வைக்க வேண்டும், அழைப்பில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ரயில் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் 139.

போன் எங்கே உதவும்

கூகுள் டிரான்ஸ்லேட்டும், 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பாஷிணி என்ற மொழிபெயர்ப்புச் சேவையும் தமிழுக்கும் வங்க மொழிக்கும் நடுவில் வேலை செய்கின்றன. வழி கேட்பதற்கும் சின்ன வாக்கியங்களுக்கும் நல்லது. ஆனால் ஒரு வாக்கியம், ஒரு செய்தி, அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். வந்த மொழிபெயர்ப்பை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள், நீங்கள் சொன்னதே வருகிறதா என்று.

இதைவிட எனக்கு அதிகம் உதவியது வேறொன்று. அவர் ஊரில், குடும்பத்தில் யாராவது ஒரு படித்த பையனோ பெண்ணோ இருப்பார்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். அவர்களுக்கு அவர் போனிலிருந்தே அழைக்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் பத்து நிமிட இழுபறி ஒரு நிமிடத்தில் முடியும். வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி, யாரோ ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். அன்றைக்குப் புரியாத வார்த்தை, தப்பாகச் சொன்ன வார்த்தை, இரண்டே இரண்டு விஷயம். நோயாளியின் பெயரோ நோயோ அதில் வேண்டாம். ஒரு வருஷ நோட்டைப் புரட்டினால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு அகராதி உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி உருவாகியிருக்கும். என் நோட்டில் "கால்" முதல் பக்கத்தில், சிவப்பு மையில்.

கடைசியாக எழுதியது போன வாரம். ஒரு தாதா கையை உதறிக் காட்டிக்கொண்டே "ஜின்ஜின் கொர்ச்சே" என்றார். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன், அவர் இன்னும் நாலு தடவை உதறிக் காட்டினார், கடைசியில் ஊழியர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டேன். ராத்திரி அந்த மால்தா பையனிடம் கேட்டேன். அவன் தன் காலை மடக்கி உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து நொண்டிக் காட்டினான். மரத்துப்போய் குறுகுறு என்று எறும்பு ஊறுவது மாதிரி வருமே, அதுதான்.